எட்டுப் பங்கு ஆற்றுநீர் எங்கே? கூவமும் கழிவுநீர் வரம்பும்

நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றைக் காக்கிறதா என்பதற்கு நாம் நிலையத்தின் வெளியேற்றுக் குழாயில்தான் விடை தேடுகிறோம். அங்கே எடுத்த மாதிரியில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி., வரம்புக்குள் இருந்தால் நிலையம் தேறிவிடுகிறது. அந்த நீரை ஏற்கும் ஆறு கணக்கில் வருவதில்லை. சென்னைக் கூவத்தை முன்வைத்து, இவ்வரம்பை ஆற்றின் நீரோட்டத்தைக் கொண்டே வகுக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அக்டோபர் அறிவிக்கை, பெருநகரங்களுக்கு லிட்டருக்கு 20 மி.கி. பி.ஓ.டி. என்று வரம்பிட்டது. இதே 20, பிரிட்டனின் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணையம் 1912இல் அளித்த எட்டாம் அறிக்கையிலும் உண்டு. ஆனால் ஆணையம் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: ஒரு பங்கு கழிவுநீருடன், 2 மி.கி. பி.ஓ.டி. உள்ள தூய ஆற்றுநீர் குறைந்தது எட்டுப் பங்கு கலக்க வேண்டும். கலந்த ஒன்பது பங்கின் சராசரி 4 மி.கி. ஆறு தாங்கும் மேல்வரம்பாக ஆணையம் கொண்டதும் அந்த 4தான்.

கூவத்தில் அந்த எட்டுப் பங்கு இல்லை. மழைக்காலம் கழிந்தால் நகருக்குள் இயற்கை நீரோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். கோயம்பேடு நிலையம் வெளியேற்றும் நீரும் வழிநெடுகக் கலக்கும் சாக்கடையுமே ஆறாக ஓடுகின்றன. சாக்கடை ஒரு சொட்டும் கலக்கவில்லை என்று கொண்டாலும், 20 மி.கி. நீர் 20 ஆகவே ஆற்றில் இறங்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் விதித்த 10 மி.கி.கூட, குளிக்கத் தகுந்த நீருக்கான 3 மி.கி.யைவிட மும்மடங்குக்கு மேல்.

சென்னையின் வெப்பம் நெருக்கடியைக் கூட்டுகிறது. 18 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் 9 மி.கி.க்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5 மட்டுமே. இருப்பு குறையும் அதே வேளையில் நுண்ணுயிர்கள் அதை விரைவாகச் செலவிடுகின்றன. அம்மோனியா இன்னொரு சுமை. அம்மோனியாவிலுள்ள 1 மி.கி. நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 4.57 மி.கி. ஆக்சிஜன் வேண்டும். மூன்று நாள் பி.ஓ.டி. சோதனையில் இத்தேவை பெரும்பாலும் வெளிப்படாது. 2017 அறிவிக்கையில் அம்மோனியாவுக்கு வரம்பே இல்லை.

சுத்திகரிக்காத சாக்கடையை அடைத்தாலே போதும் என்பர் சிலர். அடைப்பது முதற்கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் சாக்கடை நின்றபின் கோடைக் கூவத்தில் எஞ்சுவது நிலையத்தின் நீர் மட்டுமே. அப்போது அதன் தரமே ஆற்றின் தரம்.

இதற்கான தொழில்நுட்பம் கைவசம் உள்ளது. கோயம்பேட்டில் 2019இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை, கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் வரை தூய்மைப்படுத்தி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறது. குடிநீர் ஆதாரங்களின் சுமையைக் குறைக்கும் இம்முயற்சி போற்றத்தக்கது. எனினும் மிகத் தூய நீர் தொழிற்சாலைகளுக்கும், அதனினும் தரம் குறைந்தது ஆற்றுக்கும் என்ற பங்கீடு மாற வேண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீக்கிய நீரில் ஒரு பங்கைக் கூவத்துக்கென்றே ஒதுக்க வேண்டும். நிலையத்துக்கான அனுமதியை, கோடையில் அதன் கீழ்ப்புறத்து ஆற்றில் அளந்த கரைந்த ஆக்சிஜனோடு பிணைக்க வேண்டும். கலந்து நீர்க்க வேறு நீரில்லாத ஆற்றில் விடும் நீர், ஆற்றுநீருக்குரிய தரத்திலேயே இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்த எந்த வரம்பும் கூவத்தைக் காக்காது.