பாற்சுரப்பியும் ஓமோன்களும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விஞ்ஞான வரலாற்றினைப் பல்கலைக்கழக மேதைகளின் வரலாறாக மட்டும் நோக்கும் மரபு இன்றும் வலுவாகவேயுள்ளது. சுண்டெலியின் பாற்சுரப்பி பற்றிய ஆய்வு அந்நோக்கின் குறைபாட்டினை நன்கு புலப்படுத்துகின்றது.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கிரான்பியில் எலி வளர்த்து விற்றவர் அபி லாத்திறொப். முன்னர் பாடசாலை ஆசிரியையாயிருந்தவர். தம் எலிகளின் வம்சாவளியை அவர் ஏடுகளிற் பதிந்துவந்தார். நோயியலறிஞர் லியோ லோபுடன் இணைந்து 1916இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இளமையிலேயே சூலகம் அகற்றப்பட்ட எலிகளிற் பாற்சுரப்பிப் புற்றுநோய் குறைவதைக் காட்டிற்று. சூலகச் சுரப்புக்கும் இச்சுரப்பிக்குமுள்ள தொடர்பு இவ்வாறு தெளிவாயிற்று.

1958இல் பேர்க்கிலியில் சத்தியபிரத நந்தி, கபச்சுரப்பி, சூலகம், அதிரீனற் சுரப்பி ஆகிய மூன்றும் நீக்கிய எலிகளுக்கு ஓமோன்களைப் பல்வேறு சேர்க்கைகளிற் செலுத்தி ஆராய்ந்தார். கான்கள் வளர ஈஸ்திரசனுடன் வளர்ச்சி ஓமோனும், சிற்றறைகள் தோன்றப் புரொஜெஸ்தரோனும் கபச்சுரப்பி ஓமோன்களும் வேண்டும் என்பது புலனாயிற்று. தனியோர் ஓமோன் இச்சுரப்பியை ஆக்குவதில்லை. 1990களில், ஏற்பி மரபணுக்கள் முடக்கப்பட்ட எலிகள் இதனைப் பெரிதும் உறுதிசெய்தன.

ஆய்வுகூடங்களிற் பரவலாகப் பயன்படும் சி57 கறுப்பெலி வர்க்கம் லாத்திறொப்பின் பண்ணை எலிகளின் வழித்தோன்றலே. எலி வளர்த்தவரின் உழைப்பை மறந்து எழுதப்படும் விஞ்ஞான வரலாறு முழுமை பெறாது என்பதே எமது துணிபு.