தில்லியில் இடிக்கப்பட்ட பேருந்துத் தடம்

தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை செல்லும் சாலையின் நடுவே, 2008 ஏப்ரலில் பேருந்துகளுக்கென்று ஒரு தனித் தடம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 5.8 கிலோமீட்டர். எட்டே ஆண்டுகளில், 2016இல், அதை இடித்து அகற்றினார்கள். ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஏட்டில் வரைந்த திட்டம் தெருவில் தோற்றுவிட்டது என்றே இன்றும் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. எத்தனை வண்டிகள் கடந்தன என்று கணக்குப் பார்த்தவர்கள், எத்தனை மனிதர்கள் கடந்தார்கள் என்று பார்த்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

இந்தத் தடம் வெறும் ஆசையில் பிறந்ததல்ல. அரசுப் பேருந்துகள் போதாமல் 1992இல் தில்லி தனியார் பேருந்துகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. முதலில் ரெட்லைன், பின்னர் புளூலைன் என்று பெயர். ஏறும் ஆளுக்கேற்பத்தான் வசூல் என்பதால், நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒன்றையொன்று முந்தி ஓடின. அந்த ஓட்டத்தில் நசுங்கிச் செத்தவர்கள் ஏராளம். இதற்கிடையே கார்கள் பெருகி, பேருந்துக்கு ஒதுங்கி நிற்கவும் இடமில்லாமல் போனது. அம்பேத்கர் நகர்ச் சாலையில் ஓடிய வண்டிகளில் பேருந்துகள் நூற்றுக்கு ஒரு சிலவே. பயணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவற்றில்தான் போனார்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம்; அவர்களுக்கும் இத்திட்டத்தில் தனிப் பாதை கிடைத்தது. அதுவரை லாரிக்கும் காருக்கும் இடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தவர்கள் அவர்கள்.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிராக் தில்லி சந்திப்பில் சிக்னல் மாற நெடுநேரம் பிடித்தது. நிறுத்தங்கள் நடுச்சாலையில் இருந்ததால், பேருந்து ஏற வருகிறவர்கள் ஓடும் கார்களுக்குக் குறுக்கே நடக்க வேண்டியிருந்தது. எந்தப் பேருந்தும் தடத்துக்குள் வரலாம் என்று விட்டிருந்தார்கள். பழைய பேருந்து ஒன்று பழுதாகி நின்றால் பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. 2009 அக்டோபரில் தொடங்கிய அகமதாபாத்தின் ஜன்மார்க் பேருந்துத் திட்டம், தடத்தைத் தன் சொந்தப் பேருந்துகளுக்கு மட்டுமே வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தவிர்த்தது. ஆனால் இவை யாவும் திருத்தக்கூடிய குறைகள். டெல்லி கேட் வரை 14.5 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட தடத்தில் பாதிகூடப் போடாமல், அது நேரத்தை மிச்சப்படுத்தவில்லை என்று குறை சொல்வது முறையாகாது. ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத தடத்தில் மிச்சமாகும் சில நிமிடங்கள், அதைத் தாண்டியதும் நெரிசலில் கரைந்துபோகும்.

2012இல் தடத்தை எதிர்த்து ஒரு வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய சாலை ஆய்வு நிறுவனம் எல்லா வண்டிகளையும் தடத்துக்குள் விட்டுச் சோதித்துப் பார்த்து, தனித் தடம் இல்லாமலிருப்பதே மேல் என்றது. நீதிமன்றம் அதோடு நிற்காமல் பேருந்துப் பயணிகளையும் கணக்கில் எடுத்து, அந்த அக்டோபரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாலை எல்லோருடைய வரிப்பணம், கார்க்காரர் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வலுவான வாதம். அதே வரிப்பணத்தைக் கொண்டே நான் மறுப்பேன்: ஒரு பேருந்தில் ஐம்பது பேர் நிற்கிறார்கள், காரில் ஒருவரோ இருவரோ. ஆளுக்கு ஆள் பங்கிட்டால் பேருந்துக்குக் கிடைத்தது அதிகமில்லை. சட்டம் இப்படிக் காத்த தடத்தை அரசியல் காக்கவில்லை. 2015இல் தில்லி அரசு அதைக் கைவிட முடிவெடுத்தது. மூல்சந்துக்கு அப்பால் போட வேண்டிய மீதித் தடம் காகிதத்திலேயே நின்றது.

2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, அதே தில்லி அரசு முக்கியச் சாலைகளின் இடது ஓரத்தைப் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஒதுக்கி, மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று அறிவித்தது.