ராமசாமி (மறைவு: ஆகஸ்ட் 1850, லண்டன்)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து மேடைகளில் பேர் வாங்கிய தென்னிந்திய வித்தைக்காரர். அங்குள்ள விளம்பரத் தாள்கள் இவரை 'ராமோ சாமி' என்றே அச்சிட்டன.

1813இல் லண்டன் பால் மால் தெருவில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று காட்சி நடத்தியது. நம் ஊர்ச் சந்தையிலும் திருவிழாவிலும் துணி விரித்து, விழுந்த காசுக்குக் காட்டிவந்த செப்பிடு வித்தையும் பந்து வித்தையும் வாள் விழுங்குதலும் சீட்டு வாங்கி வந்த சீமான்கள் முன்னால் அரங்கேறின. அந்தக் காலத்தில் அங்கே புகழ்பெற்ற இத்தகைய வித்தைக்காரர்களில் ராமசாமியும் ஒருவர். 1819இல் அமெரிக்காவிலும் வித்தை காட்டினார்.

மணிகளை வாயில் போட்டுக்கொண்டு, கை படாமல், நாக்காலேயே இழையில் கோத்து வெளியே எடுப்பது இவருடைய தனி வித்தை. கூட்டத்தை இழுத்தது என்னவோ வாள்தான். தொண்டைக்குள் வாளை இறக்குவதில் கண்கட்டு ஏதுமில்லை. குமட்டலை அடக்கி, கழுத்தை நிமிர்த்தி, உணவுக்குழலைப் பல ஆண்டுகள் பழக்கினால்தான் கைகூடும்.

கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட், 1821இல் வெளியான தம் தொகுப்பில் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதினார். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தரையில் உட்கார்ந்து நான்கு பித்தளைப் பந்துகளை ஓயாமல் வீசிப் பிடிக்கும் ஒருவரைக் கண்டு, தம் எழுத்தில் அந்தத் துல்லியம் இல்லையே என்று வெட்கப்படுகிறார். வாள் விழுங்குவதை மட்டும் போலீஸ் தடுக்க வேண்டும் என்கிறார். கட்டுரை பெயர் சொல்லவில்லை. அது ராமசாமியே என்று கொள்வது வழக்கம். இவருக்கு இதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேறு கிடையாது.

விக்டோரியா காலத்துக்குள் இவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்ததாகிவிட்டது. கத்தியால் உணவை வாயில் தள்ளும் ஓர் இளவரசியைக் கேலி செய்ய நாவலாசிரியர் தாக்கரேவுக்கு ராமசாமி பெயரே போதுமானதாக இருந்தது. 1849இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நண்பர்களுக்கு ஜாலம் காட்டியபோது 'ரியா ராமா ரூஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டார். பெயர் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கச் சிரமமில்லை.

அதற்கு மறு ஆண்டு அசல் ராமசாமி வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கே பணமில்லாமல், அவர் மனைவி எல்லன் செய்தித்தாள் வழியாக உதவி கேட்க நேர்ந்தது. புகழுக்கும் வரும்படிக்கும் இருந்த தூரம் அவ்வளவு.

இந்திய வித்தைக்காரர் வேஷத்துக்கு மட்டும் கிராக்கி குறையவில்லை. ராமசாமி உயிரோடிருந்தபோதே சென்னையில் சேஷால் என்பவர் ஒரு கோலின்மேல் கை வைத்தபடி அந்தரத்தில் அமர்ந்து காட்டியதை 1832இல் லண்டன் இதழ் ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதே பாணியில், பாரிஸில் ஜாலக்காரர் ராபர்ட் ஊதேன் 1847இல் தம் மகனைக் கோலொன்றின் துணையில் கிடையாகத் தொங்கவிட்டு, ஈதர் ஆவியின் மகிமை என்றார். பின்னர் 'ஊலு பக்கிரி' என்ற பட்டத்துடன் கீழைநாட்டு உடையில் பெண்ணை அந்தரத்தில் மிதக்கவிட்ட சில்வெஸ்டர், அசல் ஆங்கிலேயர்.