சாலைக் கடைத்தெருவும் இரும்புக்கடைச் சைக்கிளும்

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் சாலைக் கடைத்தெருவை அமைத்தவர், தர்மராஜாவின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான அத்தெருவில் பலசரக்கு, துணி, பாத்திரம், இரும்பு எனக் கடை விரித்தவர்களில் நம் தமிழ் வணிகர்கள் ஏராளம். அங்கே ஆணியும் கீலும் நிறுத்துக் கொடுத்த இரும்புக்கடையில்தான் எங்கள் அப்பா சைக்கிள் வாங்கினார். இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள், "இரும்புக்கடையிலயா? சைக்கிள் கடையே இல்லையா மாமா?" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. சீமைச் சைக்கிள் பெரும்பாலும் கழற்றிய பாகங்களாகவே பெட்டியில் கப்பலேறி வந்தது. அதைப் பூட்டி, சக்கரத்தின் கோட்டம் எடுக்க வேண்டிய ஸ்பேனரும் நட்டும் போல்ட்டும் இரும்புக்கடையில்தானே கிடைக்கும்! அமெரிக்காவிலும் இதே கதைதான். தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கி, தங்கள் பெயர்த்தகட்டை முன்பக்கம் பதித்து விற்ற இரும்புக்கடைகள் அங்கே உண்டு.

1885இல் கவென்ட்ரி நகரில் ஸ்டார்லி செய்த ரோவர்தான் இன்றைய சைக்கிளின் மூதாதை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயர் கொண்டுவந்தார். பிறகு வந்த பெயர்களை நம் பெரியவர்கள் மந்திரம் போலச் சொல்வார்கள்: ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ்.

பெயின்ட் உதிர்ந்துபோனாலும் ஜாதகம் இரும்பில் இருக்கும். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். கொக்கின் தலை தெரிந்தால் ராலே. விரித்த கை என்றால் ரட்ஜ். மூன்று துப்பாக்கி சாத்திவைத்த முத்திரை பி.எஸ்.ஏ.யுடையது, அது முதலில் துப்பாக்கி செய்த கம்பெனி. முன் போர்க்கில் இரட்டைக் கம்பிகள் ஓடினால் ஹம்பராக இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள். 1949இல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, சென்னை அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் உருவானது. அசன்சோலில் சென்-ராலே வந்தது. ஆகவே, "எங்க தாத்தாவோட சைக்கிள் அசல் இங்கிலீஷ் சரக்கு" என்று சிலர் மார்தட்டுவதை நான் பாதிதான் நம்புகிறேன். அம்பத்தூர் சரக்கு என்றால் குறைச்சல் ஒன்றுமில்லை. நம் ஊர்க்காரர்கள் செய்ததுதானே.

அப்பாவுடையது மூன்று கியர் வைத்த ராலே. நாகர்கோவிலுக்கே அதைச் சவட்டிக்கொண்டு போனவர் அவர். அது யுத்தத்துக்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா என்று அவருக்கும் சித்தப்பாவுக்கும் ஓயாத தர்க்கம். அப்பா இந்த ஊருக்கு வந்த வருஷமே அதில்தான் அடங்கியிருந்தது. வேறு கடுதாசி ஏதும் எங்களிடம் இல்லை. ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்பின் மேல் வருஷத்தைக் காட்டும் எண் வெட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியவந்தபோது அப்பாவும் இல்லை, சைக்கிளும் இல்லை. வீடு மாறும்போது ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம்.

டைனமோ விளக்கு மட்டும் பரணில் கிடக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் எண் ஏதும் இல்லை.