சவுட்டு மண்ணும் வெடியுப்பும்: சேலம், நாமக்கல் சமவெளியில் உப்பிலியர் தொழில்

உப்பிலியர் தொழிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்தே தொடங்குகின்றனர். அதில் இரண்டு கணக்கெடுப்புகளின் குறிப்புகள் உள்ளன. 1891இல் எச். ஏ. ஸ்டூவர்ட் இவர்களை உப்பும் வெடியுப்பும் காய்ச்சும் சாதியார் என்றார். 1901 கணக்கெடுப்போ இவர்களுக்கு இணையான உப்பரரைக் குளம் வெட்டுவோர், மண்வேலை செய்வோர் என்றது. இவ்விரண்டையும் வரிசையாக்கி, முதலில் உப்பு, அரசு அதைத் தடுத்தபின் மண்வெட்டி என்று படிப்பதே வழக்கமாகிவிட்டது. இந்த வாசிப்பு தவறு என்பது என் வாதம்.

இரு குறிப்புகளுக்கும் இடையே பத்தாண்டுகளே உள்ளன. பல மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஒரு சாதி அதற்குள் குலத்தொழிலை மாற்றிக்கொள்ளாது. மாற்றம் முன்னரே நிகழ்ந்திருந்தால், 1891இலும் காய்ச்சுதலே தொழிலாகக் குறிக்கப்பட்டதற்கு விளக்கம் வேண்டும். ஒரே உழைப்பின் இரு பக்கங்களை இரு அதிகாரிகள் ஆளுக்கொன்றாகக் கண்டனர் என்று கொள்வதே பொருந்தும்.

இதற்குச் சான்று வெடியுப்பின் வேதியியலிலேயே இருக்கிறது. மாட்டுத் தொழுவத்திலும் பழைய மண்சுவர் அடியிலும் சேரும் அம்மோனியாவை மண்ணின் நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது நுண்ணுயிர்களின் வேலை என்பதை 1877இல் ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் காட்டினர். நைட்ரேட் அயனியில் நடுவே ஒரு நைட்ரஜன். அதைச் சுற்றி ஒரே தளத்தில், 120 பாகை இடைவெளியில், சமமான பிணைப்புகளோடு மூன்று ஆக்சிஜன். அதன் மின்சுமை எதிர்மம். களிமண் துகள்களின் மின்சுமையும் எதிர்மமே. ஆகவே மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. வெயிலில் ஈரத்தோடு மேலேறி வெள்ளையாகப் பூக்கும். மழையில் கரைந்து இறங்கிவிடும். அதைச் சுரண்டி எடுக்க உகந்தது கோடை. ஏரி வற்றிக் கரைவேலை நடப்பதும் அதே கோடையில்தான். பருவம் ஒன்று, கருவி ஒன்று, மண்ணின் தரம் அறியும் கண்ணும் ஒன்று. இது நேரடிச் சான்றன்று, சூழ்நிலைச் சான்றே. ஆயினும் பத்தாண்டில் தொழில் மாறியது என்பதைவிட வலுவானது.

காய்ச்சும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். இப்படிச் சுரண்டிய சவுட்டு மண்ணை நீர்விட்டு வடித்து, அந்நீரில் மரச்சாம்பலின் சத்தைச் சேர்த்தால், வடிநீரிலுள்ள கால்சியம் நைட்ரேட் பொட்டாசியம் நைட்ரேட்டாக மாறும். பிறகு அடுப்பேற்றிச் சுண்டவைப்பார்கள். 100 மில்லி நீரில் சமையலுப்பு 20 பாகையில் சுமார் 36 கிராம் கரையும். கொதிநிலையிலும் 39 கிராம்தான். வெடியுப்போ 20 பாகையில் 32 கிராம். கொதிநிலையில் ஏறத்தாழ 246 கிராம். எனவே கொதிக்கும்போதே சமையலுப்பு அடியில் படியும். ஆறிய பின் வெடியுப்பு ஊசி ஊசியாக விளையும். ஒரே பாத்திரத்திலிருந்து இரண்டு உப்பு.

சட்டத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. 1889இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. வெடியுப்பு காய்ச்சுகிறவர் கையில் வரி கட்டாத உண்ணும் உப்பும் வந்து சேரும். இதனால் வெடியுப்புக்காரரும் உப்புத் துறையின் கண்காணிப்புக்குள் வந்தனர். சட்டம் இவர்களை மண்வேலைக்குப் புதிதாகத் துரத்தவில்லை. இரு கை வேலையில் ஒரு கையைக் கட்டிப்போட்டது.

தேவையும் குறைந்தது. கரிமருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. சூடேறினால் ஆக்சிஜனை விடும் இயல்பே அதற்குக் காரணம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதிக்குப் பெரும்பங்கு தந்தது பீகார். தெற்கில் காய்ச்சியது பெரிதும் உள்ளூர் வாணத்துக்கும் பாறை உடைப்புக்கும் நாட்டு மருந்துக்கும் பயன்பட்டிருக்கும் என்று கருதுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் சிலி நாட்டு நைட்ரேட் உலகச் சந்தையைப் பிடித்தது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் காற்றின் நைட்ரஜனிலிருந்து, நைட்ரேட்டுக்கு மூலமான அம்மோனியா தயாராகத் தொடங்கியது.

சேலம், நாமக்கல் சமவெளியில் காய்ச்சுதல் நின்ற ஆண்டு இதுதான் என்று எந்தத் தேதியையும் நான் முன்வைக்கவில்லை. 1805, 1889, 1913 ஆகியவை ஒரு சரிவின் படிகள். ஊருக்கு ஊர் முடிவு வேறுபட்டிருக்கும். உறுதியாகச் சொல்வது ஒன்றே: உப்பிலியரை வேலை இழந்து மண் சுமக்க வந்தவர்களாக எழுதும் வரலாறு, மண்ணை அறிந்த ஒரு தொழில்நுட்பச் சமூகத்தின் அறிவைக் கணக்கில் எடுக்கவில்லை. அதைத் திருத்த வேண்டும்.