எழுதுகோலும் ஒட்டுச்செடியும்: தோட்டக்காரர்களின் சொற்களில் ஒரு வரலாறு

கொல்கத்தாவில் நான் தங்கியிருந்த வீட்டின் மொட்டை மாடியில், பழைய சிமென்ட் தொட்டி ஒன்றில், கந்தராஜ் எலுமிச்சை நின்றது. வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரர் ஒரு மழைக்காலக் காலையில் அதன் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பென்சில் பருமன், முற்றவும் இல்லை, இளசும் இல்லை. கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தியால் இரண்டு வளையக் கீறல்கள் இட்டு, இடையில் இருந்த ஓர் அங்குலப் பட்டையை மோதிரம்போல் கழற்றினார். வெளிப்பட்ட கட்டையின் வழவழப்பைச் சுரண்டினார். களிமண்ணும் மக்கிய சாணமும் பிசைந்த உருண்டையை அதன்மேல் அப்பி, பாலித்தீன் தாளால் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கினார். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்துத் தாளின் உட்புறம் வெள்ளை வேர்கள் தெரிந்தன. உருண்டைக்குக் கீழே கிளையை அறுத்து அவர் வேறொரு தொட்டியில் வைத்தார். ஒரு மரம் இரண்டாயிற்று.

இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். மொழியியல் படித்தவர்களுக்கு இது ஒரு தீராத வழக்கம். 'குட்டி கொலோம்' என்றார்.

தமிழ்ப் பாடநூல்கள் 'விண்பதியம்' என்று சொல்லும் முறைதான் இது. ஆனால் அவர் சொன்ன இரண்டு சொற்களும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. வீட்டுத் தோட்டக் கலையின் வரலாற்றை நூல்களிலும் அரசர்களின் நினைவுக் குறிப்புகளிலும் தேடுகிறோம். கத்தி பிடித்த கைகள் எழுதிவைத்தவை மிகக் குறைவு. அக்கைகள் விட்டுச்சென்ற ஆவணம் பெரும்பாலும் சொற்களே. அந்த ஆவணத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், அது எங்கே மௌனமாகிறது என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

முதற்சொல்லில் தொடங்குவோம். 'குட்டி' என்று தமிழ் எழுத்தில் எழுதும்போது நம் காதில் ஆட்டுக்குட்டியும் குட்டிச்செடியும் வந்து நிற்கின்றன. தாய்ச்செடி ஈன்ற குட்டி என்று விளக்கம் சொல்லிவிடவும் ஆசை எழுகிறது. அந்த ஆசையை அடக்க வேண்டும். வங்க மொழியில் இச்சொல்லின் முதல் ஒலி நம் 'கங்கை'யின் முதல் ஒலி. பொருளோ சிறு உருண்டை. பிஞ்சுவிட்ட மாங்காயும், பட்டுப்பூச்சியின் கூடும், பெரியம்மையின் கொப்புளமும் அவர்களுக்கு இதே சொல்தான். கிளையில் அப்பிய மண்ணுருண்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஒலி ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு உறவு கொண்டாடுவது மொழியியலின் மிகப் பழைய சறுக்கல்.

இரண்டாம் சொல்லுக்குப் பயணம் நெடியது. வங்கத்தின் 'கொலோம்', இந்தியிலும் மராத்தியிலும் 'கலம்'. இது நம் மட்கலமோ மரக்கலமோ அன்று. கலம்காரித் துணியில் உள்ள கலம். கிரேக்கத்தில் நாணலைக் குறித்த 'கலமோஸ்' அரபியில் நாணல் எழுதுகோலாகி, பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளுக்கு வந்தது. 1884இல் வெளியான ஜான் பிளாட்ஸின் உருது அகராதி இச்சொல்லுக்கு எழுதுகோல் என்ற பொருளோடு, நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு என்ற பொருளையும் தருகிறது. இந்தி பேசும் நாவிதர் காதோர முடியையும் 'கலம்' என்பார். நாணல் எழுதுகோலின் முனையைச் சாய்வாகச் சீவுவார்கள். நடுவதற்கான கிளையின் அடியையும் அவ்வாறே சீவுவார்கள். ஒரே கத்தி, ஒரே வெட்டு. எழுத்தரின் சொல் தோட்டக்காரரிடம் வந்துசேர்ந்ததற்கு இந்த ஒப்புமையே காரணம் எனத் தோன்றுகிறது.

வந்துசேர்ந்த சொல் பல்கிப் பெருகியது. வங்கத்தில் கிளைத்துண்டை நட்டால் 'ஷாக்கா கொலோம்'. கிளையை வளைத்து மண்ணில் புதைத்தால் 'தாபா கொலோம்'. மொட்டை மட்டும் எடுத்து வேறொரு செடியின் பட்டைக்குள் செருகினால் 'சோக் கொலோம்', அதாவது கண் ஒட்டு. இரண்டு செடிகளை இணைத்துக் கட்டினால் 'ஜோர் கொலோம்'. கடைசி முறைக்குக் கொங்கணக் கரையின் மராத்தியில் உள்ள பெயர் இன்னும் அழகானது: 'பேட் கலம்'. பேட் என்றால் சந்திப்பு. மாங்கொட்டை முளைத்த கன்றைச் சட்டியோடு தாய்மரத்தின் அருகே பரண் கட்டி ஏற்றுவார்கள். கன்றின் தண்டிலும் மரத்தின் கிளையிலும் ஒரே நீளத்துக்குப் பட்டையைச் சீவி, காயத்தோடு காயம் பொருந்தக் கட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் இரண்டும் கூடிவிடும். பின்னர் கன்றின் தலையும் கிளையின் அடியும் வெட்டப்படும். சந்திப்பு என்ற சொல் செய்முறையின் சுருக்கமாகவே நிற்கிறது.

தென்மொழிகளில் எழுதுகோல் இல்லை. தமிழில் ஒட்டுமா, மலையாளத்தில் ஒட்டுமாவு. தெலுங்கில் 'அண்ட்டு', அதற்கும் ஒட்டிக்கொள்ளுதல் என்பதே பொருள். கிளைத்துண்டுக்குத் தமிழில் போத்து என்ற தனிச்சொல் இருக்கிறது. முருங்கைப் போத்து நடாத வீடு குறைவு. மண்ணில் பதிப்பதால் பதியம். வடக்கே வெட்டைப் பார்த்துப் பெயரிட்டார்கள், தெற்கே கூடுதலைப் பார்த்துப் பெயரிட்டார்கள் என்று சொல்லலாம். மொட்டைக் கண்ணாகப் பார்ப்பதோ எல்லை கடந்த வழக்கம்: மராத்தியில் மொட்டு ஒட்டுதலுக்குக் 'கண் நிரப்புதல்' என்று பெயர், லத்தீனிலும் கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அவ்வினை பிறந்தது. அந்த லத்தீன் சொல் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் அம்மைப்பால் வைப்பதற்குப் பெயராயிற்று.

இங்கேதான் வரலாற்று மாணவர்கள் நிதானிக்க வேண்டும். சொல் பாரசீகம் என்பதால் கலையும் முகலாயரோடு வந்தது என்று முடிவுகட்டுவோர் உண்டு. மாம்பழப் பெயர்களைக் காட்டி, எல்லாம் போர்த்துகீசியர் கற்பித்தவை என்போரும் உண்டு. இரண்டுக்கும் எதிராக, எல்லாம் வடமொழியில் முன்பே இருந்தன என்று ஒரே சுலோகத்தைச் சுற்றுக்கு விடுவோரும் உண்டு.

சான்றுகள் சொல்வது இவற்றைவிட அடக்கமானது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் மரங்களின் மருத்துவத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. பலா, நாவல், மாதுளை, திராட்சை முதலியவற்றைக் கிளைத்துண்டு கொண்டு சாணம் பூசி வளர்க்கலாம் என்றும், வேர்ப்பகுதியிலோ தண்டிலோ வெட்டி அங்கே பொருத்தலாம் என்றும் அது கூறுகிறது. பின்னதை ஒட்டு முறை என்றே பலரும் கொள்வர். மரங்களுக்கிடையே இருபது முழம் விடுவது சிறப்பு, பதினாறு நடுத்தரம், பன்னிரண்டு கடைசி என்ற கணக்கும் அங்கே உண்டு. ஆகவே முகலாயருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த அறிவு இங்கே இருந்தது. எனினும், ஒரு நூலில் ஒரு சுலோகம் இருப்பது வேறு, ஊர்தோறும் அக்கலை வழங்கியது வேறு.

அடுத்து, ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகள். தம் தந்தை காஷ்மீரை வெல்லும் முன் அங்கே இனிப்புச் செர்ரி இல்லை என்றும், முகமது குலி அஃப்ஷார் என்பவர் அதைக் காபூலிலிருந்து கொண்டுவந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கினார் என்றும் அவர் எழுதுகிறார். கோவாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியர், குறிப்பாக இயேசு சபையினர், மாமரத்தில் ஒட்டு முறையை வளர்த்தனர். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த வெனிஸ்காரர் மனூச்சி, மிகச் சிறந்த மாம்பழங்கள் கோவாவினுடையவை என்று பாராட்டி, ஆட்களின் பெயர் தாங்கிய வகைகளைக் குறிப்பிடுகிறார். அல்போன்சாவும் அப்படி ஒரு பெயர்தான்.

ஆட்பெயர் ஏன் வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. வட இந்தியாவின் பெரும்பாலான மாவகைகளில் கொட்டையிலிருந்து முளைப்பது தாயைப் போல் இராது. ஒவ்வொரு கன்றும் ஒரு புதிய மரம். அதற்கு நிலையான பெயர் தேவையில்லை. ஒட்டிலோ, அதே மரம் ஆயிரம் தோட்டங்களில் மீண்டும் மீண்டும் நிற்கிறது. அப்போது பழத்துக்குப் பெயரும், பெயருக்கு விலையும் உண்டாகின்றன. இந்தி வழங்கும் பகுதிகளில் ஒட்டு மாம்பழத்தைக் 'கல்மி' என்றும், கொட்டையிலிருந்து வளர்ந்ததைத் 'துக்மி' அல்லது 'பீஜு' என்றும் பிரித்துச் சொல்வதன் பின்னணி இதுதான்.

ஆகவே, சொல்லின் மூலம் கலையின் மூலம் ஆகாது. எந்த இரண்டு கூட்டத்தார் ஒரே தோட்டத்தில் நின்று பேசினார்கள், யாருடைய மொழிக்கு அப்போது மதிப்பு இருந்தது என்பதையே சொல் காட்டுகிறது. பெயர் தெரியாத தோட்டக்காரர் தாம் முன்பே அறிந்திருந்த வேலைக்கு அரண்மனை எழுத்தரின் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கலாம். புதிய கத்திமுறையோடு புதிய சொல்லும் வந்திருக்கலாம். சொல்லை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

இனி அந்த மண்ணுருண்டைக்குத் திரும்புவோம். அதன் கதையில் சொல் எதிர்த்திசையில் பயணம் செய்கிறது. வங்கத்தில் பாதிரியாராகப் பணியாற்றிய தாமஸ் ஃபர்மிஞ்சர், 1860களில் வங்கத்துக்கும் வட இந்தியாவுக்குமான தோட்டக்கலைக் கையேடு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். பங்களாத் தோட்டம் போட்ட ஆங்கிலேயக் குடும்பங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய நூல் அது. பல பதிப்புகள் கண்டது. அதில் இம்முறையை வங்கப் பெயரிலேயே 'கூட்டி' என்று எழுதி, செய்முறையைப் படிப்படியாக விளக்குகிறார். என் மாடித் தோட்டக்காரர் செய்தவற்றோடு அதில் ஒரு நுணுக்கம் கூடுதல். உருண்டைக்கு மேலே அடியில் துளையிட்ட சிறு பானை ஒன்று தொங்கும். துளை வழியாக முடிச்சிட்ட கயிறு இறங்கி உருண்டையைச் சுற்றியிருக்கும். பானையில் ஊற்றும் நீர் கயிற்றின் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து மண்ணை ஈரமாகவே வைத்திருக்கும். சொட்டுநீர்ப் பாசனம் என்று இன்று நாம் பெரிதாகப் பேசுவதை ஒரு பானையும் ஒரு கயிறும் செய்துகொண்டிருந்தன.

இதன் உட்பொருளும் எளியது. இலைகள் ஆக்கும் உணவும் வேர்விடத் தூண்டும் சுரப்பும் பட்டையின் வழியே கீழே இறங்குகின்றன. நீரோ கட்டையின் வழியே மேலே ஏறுகிறது. பட்டை வளையத்தை மட்டும் நீக்கினால் நீர் தடைப்படாது, கிளை வாடாது. கீழிறங்குபவை மட்டும் வெட்டின் மேல்விளிம்பில் தேங்கும். அங்கே ஈரமும் இருளும் கிடைத்தால் வேர் பிறக்கும். கட்டையின் மேலுள்ள வழவழப்பைச் சுரண்டாவிட்டால் பட்டை மீண்டும் கூடிவிடும், வேர் வராது. தோட்டக்காரர் கத்தியைத் திருப்பிப் பிடித்துச் சுரண்டியதன் காரணம் அதுவே.

ஃபர்மிஞ்சரின் நூலிலும் பிற கையேடுகளிலும் இடம்பெற்ற அச்சொல் ஆங்கிலத் தோட்டக்கலை வழக்கில் நிலைத்துவிட்டது. இன்றும் இந்தியத் தோட்டக்கலைப் பாடநூல்களில் பிரெஞ்சிலிருந்து வந்த 'மார்க்கட்டேஜ்' என்ற பெயரோடு 'கூட்டி' சேர்ந்தே நிற்கிறது. ஆங்கிலத்திலேயே இதற்குச் 'சீனப் பதியம்' என்றும் ஒரு பெயர் உண்டு; கிழக்கே இன்னொரு தோட்டக்காரரிடம் இன்னோர் ஐரோப்பியர் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். 1940களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லிச்சி வளர்த்த வில்லியம் குரோவ், பாசியைச் சுற்றி நெகிழித் தாள் கட்டினால் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியதில்லை என்று காட்டினார். பானைக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவர் பெயரை நான் இங்கே எழுத முடிகிறது. பானையில் கயிற்றை முடிந்து தொங்கவிட்டவரின் பெயரை எழுத முடியவில்லை. ஃபர்மிஞ்சருக்குக் காட்டிக்கொடுத்தவர் யார் என்பதும் தெரியாது. அவருடைய சொல் அச்சேறியது, அவர் ஏறவில்லை.

இவ்வாறு எழுதிவிட்டு என் கள ஏட்டைப் புரட்டினேன். அந்த மழைக்காலக் காலையின் பதிவு இப்படித் தொடங்குகிறது: 'தகவலாளி, ஆண், அறுபது வயது இருக்கலாம்.' அதற்குக் கீழே குட்டி கொலோம் முதலாக ஒன்பது சொற்கள், ஒலிக்குறியீடு துல்லியம், வேர்விட்ட நாள்கணக்கும் உண்டு. பெயர் இல்லை.

ஆய்வு நெறிமுறை அப்படித்தான் கேட்கிறது. தகவல் தந்தவரை மறைப்பது அவரைக் காக்கவே. மருத்துவம், குற்றம், சாதி வன்முறை பற்றிய ஆய்வுகளில் அது இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவர் தம் கைத்திறனைக் காட்டியபோதும் அவரை மறைப்பது யாரைக் காக்கிறது? ஃபர்மிஞ்சர் மறந்ததை நாம் படிவம் நிரப்பி மறக்கிறோம். பெயர் வேண்டுமா, வேண்டாமா என்று அவரிடம் கேட்பதுதான் முறை. நான் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கேட்பேன். அவர் சம்மதித்தால் ஆய்வேட்டில் அச்சொற்கள் அவர் பெயரோடு இருக்கும். மறுத்தால் அதையும் மதிப்பேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று எல்லா மொழிக் காணொளிகளிலும் இந்த முறைகளுக்கு 'ஏர் லேயரிங்', 'கிராஃப்டிங்' என்ற இரண்டு சொற்களே போதும் என்றாகிவிட்டது. உங்கள் ஊரில் பதியத்துக்கும் ஒட்டுக்கும் போத்துக்கும் முதியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எந்தச் செடிக்கு, எந்த மாதத்தில், எப்படிச் செய்வார்கள் என்பதையும் சேருங்கள். சொன்னவரிடம் ஒப்புதல் பெற முடிந்தால், அவர் பெயரையும்.