பன்னாட்டுக் குடிமைச் சேவை

பன்னாட்டுக் குடிமைச் சேவை (சுருக்கமாக எஸ்.சி.ஐ.) என்பது பல நாட்டு இளைஞர்களைக் குறுகிய காலப் பணிமுகாம்களில் ஒன்றுசேர்த்து, ஊதியமின்றிச் சமூகப் பணி ஆற்றச் செய்யும் தன்னார்வ அமைப்பு ஆகும். முதலாம் உலகப் போருக்குப் பின், 1920 ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல் இதனைத் தொடங்கினார். "சொற்கள் அல்ல, செயல்கள்" என்பது இதன் குறிக்கோளுரை. இன்று உலகெங்கும் நடைபெறும் பன்னாட்டுத் தன்னார்வப் பணிமுகாம்களுக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது.

தோற்றம்

செரெசோல் (1879–1945) சூரிக் நகரில் பொறியியல் பயின்றவர். இவருடைய தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். படைப்பணிக்கு ஈடான வரியைச் செலுத்த மறுத்தமைக்காகச் செரெசோல் சிறை சென்றார்.

போருக்குப் பின் நெதர்லாந்தின் பில்தோவன் என்னும் ஊரில் கிறித்தவ அமைதிவிரும்பிகளின் மாநாடுகள் நடைபெற்றன. அங்கு ஒரு ஜெர்மானியர் எழுந்து, தம் சகோதரர் படைவீரராக வட பிரான்சை அழிப்பதில் பங்குகொள்ள நேர்ந்ததாகவும், தாம் அங்கு சென்று மீண்டும் கட்டித்தர விரும்புவதாகவும் கூறியதாகச் சொல்லப்படுகிறது. செரெசோலின் திட்டத்திற்கு இதுவே தூண்டுகோலாயிற்று.

முதல் முகாம்

1920 நவம்பரில், வெர்தன் போர்க்களத்திற்கு அருகிலிருந்த எஸ்ன் என்னும் சிற்றூரில் முதல் முகாம் அமைந்தது. எறிகணைகளால் ஊர் முற்றாகச் சிதைந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரிகளாயிருந்த நாட்டினர், ஜெர்மானியர் உட்பட, ஒரே கூரையின் கீழ்த் தங்கினர். இடிபாடுகளை அகற்றினர், குழிகளை நிரப்பினர், சாலையைச் செப்பனிட்டனர், தற்காலிக மரவீடுகளை அமைத்தனர்.

போரில் உறவினரை இழந்த மக்கள் நடுவே ஜெர்மானியர் பணிபுரிவதை எல்லோரும் ஏற்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததால் சுமார் ஐந்து மாதங்களில், 1921 இல், முகாம் முடிவுக்கு வந்தது. கட்டிய வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் இதனைப் பெரிய வெற்றி என்று கூற இயலாது. ஆயினும் பிற்கால முகாம்கள் அனைத்தும் இங்கு உருவான முறையையே பின்பற்றின.

வளர்ச்சி

1924 இல் சுவிட்சர்லாந்தின் லெசொர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவின் சிதைவுகளை அகற்றும் பணி நடந்தது. இதனை வழிநடத்தியவர் பியேரின் சகோதரரும் சுவிஸ் படையின் கர்னலுமான எர்னஸ்ட் செரெசோல் என்பது குறிப்பிடத்தக்கது. போரை மறுத்தவரும் படை அதிகாரியும் ஒரே பணியில் இணைந்தனர்.

1927 செப்டம்பரில் ரைன் ஆறு கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களைச் சேற்றாலும் கற்களாலும் மூடியது. மறு ஆண்டு 700 இற்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து மண்வெட்டிகளாலும் தள்ளுவண்டிகளாலும் அந்நிலங்களை மீட்டனர். பெண்களும் பங்கேற்றனர், ஆனால் அக்கால வழக்கப்படி சமையலும் துணி துவைத்தலும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. சமத்துவம் பேசிய முகாம்களில் இது ஒரு முரண்பாடே.

இந்தியாவில்

1934 சனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. செரெசோல் அவ்வாண்டே இந்தியா வந்து காந்தியையும் இராசேந்திர பிரசாத்தையும் சந்தித்தார். பின்னர் ஐரோப்பியத் தன்னார்வலர் சிலருடன் முசாபர்பூர் பகுதியில் கிராமங்களை மீளக் கட்டும் பணியில் ஈடுபட்டார். ஐரோப்பாவிற்கு வெளியே இவ்வமைப்பு ஆற்றிய முதல் பணி இதுவாகும்.

பணிமுகாம்களின் நடைமுறை

ஒரு முகாம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நீடிக்கும். பத்து முதல் இருபது பேர் வரை பங்கேற்பர். உணவும் தங்குமிடமும் அழைக்கும் தரப்பினர் அளிப்பர். பயணச் செலவு பங்கேற்பாளரைச் சேர்ந்தது. தனித்திறன் எதுவும் கோரப்படுவதில்லை என்பதால் மாணவர்கள் எளிதில் சேர முடிகிறது. உள்ளூர்த் தொழிலாளரின் கூலி வேலையைப் பறிக்கும் பணியை ஏற்கக்கூடாது என்பது முக்கிய விதி. சமைப்பது, துப்புரவு செய்வது முதலியவற்றை இன்று எல்லோரும் முறைவைத்துச் செய்கின்றனர். மொழி புரியாத ஒருவருடன் ஒரே பாரத்தைத் தூக்கும்போது ஏற்படும் நெருக்கத்தையே அமைப்பு தனது முதன்மைப் பயனாகக் கருதுகிறது.

மாற்றுச் சேவைக் கோரிக்கை

படைப்பணியை மறுக்கும் இளைஞருக்குச் சிறைக்குப் பதிலாகக் குடிமைச் சேவை வழங்கப்பட வேண்டும் என்பது செரெசோலின் நெடுங்காலக் கோரிக்கை. அமைப்பின் பெயரிலுள்ள "குடிமை" என்னும் சொல் இதனையே சுட்டுகிறது. 1920களில் இதற்காகச் சுவிஸ் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட மனு நிராகரிக்கப்பட்டது. செரெசோல் 1945 இல் காலமானார். 1992 இல் நடந்த பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரவளித்ததை அடுத்து, குடிமைச் சேவைச் சட்டம் 1996 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.